ஆறு வாரத்தில் பேண்ட் உருவாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை பிறந்தால் போதும், பேண்ட் மாஸ்டர்களின் போனில் பள்ளி அலுவலக எண்கள் வரிசை கட்டும். "மாஸ்டர், ஆகஸ்ட் 15 வருது. பிள்ளைங்கள ரெடி பண்ணிக் குடுத்துடுங்க" என்பார்கள். கொடியேற்றம் முடிந்த மறுநாள் வாத்தியங்கள் ஸ்டோர் ரூமுக்குள் போகும், பூட்டு விழும். அந்தப் பூட்டு மறுபடி திறப்பது பொங்கல் விடுமுறை கழிந்து, குடியரசு தினத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான். ஆண்டுக்கு இரண்டு முறை அவசரச் சமையலாக நடக்கும் இந்தப் பள்ளி பேண்டை, ஜூன் முதல் மார்ச் வரை நடக்கும் வகுப்பாக மாற்றுங்கள் என்று பள்ளி நிர்வாகங்களையும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களையும் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறோம். தொழில் விவரத்தோடு சொன்னால்தான் காரணம் விளங்கும் என்பதால் கடிதம் நீள்கிறது. பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் நேரக் கணக்கு. ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 45 நிமிடம் என்றால் 18 பாடவேளை. இடைப்பருவத் தேர்வு ஒரு வாரத்தைத் தின்றுவிடும், மிஞ்சுவது 15. ஒவ்வொரு வேளையிலும் வாத்தியத்தை எடுத்துப் பூட்டிக் கழற்றி வைக்கப் பத்து நிமிடம் கழித்தால், உண்மையில் வாசிக்கக் கிடைப்பது ஒன்பது மணி நேரம்கூட இல்லை. சைடு டிரம் வாசிக்கும் பிள்ளையை இந்த நேரத்தில் தேற்றிவிடலாம். டிரம்பெட் ஊதும் பிள்ளையைத் தேற்ற முடியாது. நம் ஊர்ப் பள்ளி பேண்டுகளில் இருபது டிரம்முக்கு இரண்டே டிரம்பெட் இருப்பதற்கும், "பேண்டுன்னா டிரம்தானே" என்று பலர் நினைப்பதற்கும் இந்த ஆறு வாரக் கணக்குதான் காரணம்.

டிரம்பெட்டில் ஒலியை உண்டாக்குவது உதடு. குழாய் அதைப் பெருக்கித் தருகிறது, அவ்வளவுதான். புதிதாக ஊதும் பிள்ளைக்கு உதட்டோரத் தசைகள் பத்து நிமிடத்தில் களைத்துவிடும். களைத்த பிறகும் "இன்னும் ஒரு தடவை" என்று விரட்டினால், உதடு செய்யாத வேலையைக் கை செய்யும். பிள்ளை மவுத்பீஸை, அதாவது உதடு வைத்து ஊதும் முனையை, வாயோடு அழுத்தத் தொடங்கும். மேல் சுரம் எப்படியோ வந்துவிடும். ஆனால் ஒலி மெலிந்து கீச்சிடும், உதட்டில் வட்டத் தழும்பு விழும். அந்த அழுத்தும் பழக்கம் ஆறு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும், போக்குவதற்கு ஓராண்டு பிடிக்கும். ஆகவே சனிக்கிழமை இரண்டு மணி நேரத்தைவிடத் தினம் 20 நிமிடம் மேலானது. முதல் இரண்டு வாரம் மவுத்பீஸ் மட்டும், அதன்பின் நீளமாக இழுத்து ஊதும் ஒற்றைச் சுரங்கள், ஐந்தாறு வாரம் கழித்து ஐந்து சுரங்கள், மூன்றாம் மாதம்தான் முழு ஸ்கேல். ஜூனில் தொடங்கிய பிள்ளை ஆகஸ்டில் மைதானத்தில் டிரம் வரிசையில் நிற்கட்டும், ஜனவரியில் டிரம்பெட்டோடு வரட்டும். இதைத் தலைமை ஆசிரியருக்குப் புரிய வைப்பதுதான் பேண்ட் மாஸ்டர் வேலையில் பாதி.

எந்த வயதில் தொடங்குவது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. பால் பல் விழுந்து முன்பற்கள் நிலையாக முளைத்த பிறகே பித்தளை வாத்தியம். ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்பு சரியாக இருக்கும். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் பிள்ளைக்கு டிரம்பெட்டின் சிறிய மவுத்பீஸ் உள்ளுதட்டைக் கிழிக்கும். அவரைப் பெரிய மவுத்பீஸ் உள்ள பித்தளை வாத்தியமான யூபோனியத்துக்கோ டிரம்முக்கோ மாற்றுவது நல்லது, கம்பி கழற்றியதும் திரும்ப வரலாம். மறுமுனையில் பத்தாம் வகுப்பு நிற்கிறது. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பெற்றோர் பிள்ளையை பேண்டிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆக ஒரு பிள்ளை பேண்டில் இருப்பது நான்கைந்து ஆண்டு. அதனால் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒன்பதாம் வகுப்பில் ஒருவரும் ஏழாம் வகுப்பில் ஒருவரும் என்று ஜோடி போட வேண்டும். இந்த ஜோடி இல்லாத பள்ளியில் நன்றாக வாசிக்கும் ஆறு பேர் ஒரே ஆண்டில் வெளியேறுவார்கள். அடுத்த ஜூலையில் மாஸ்டர் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்.

முப்பது பேர் பேண்டுக்கு நாங்கள் சொல்லும் அமைப்பு இது: டிரம்பெட் 6, கிளாரினெட் 4, ஆல்டோ சாக்ஸபோன் 2, டிராம்போன் 2, யூபோனியம் 2, சைடு டிரம் 8, டெனர் டிரம் 2, சிம்பல் 2, பேஸ் டிரம் 1, முன்னால் கோல் பிடிக்கும் மேஜர் 1. சைடு டிரம் எட்டுக்கு மேல் போனால் ஊதுபவர்கள் ஊதுவது அவர்களுக்கே கேட்காது. கேட்காதவர் இன்னும் பலமாக ஊதுவார், சுருதி போய்விடும்.

சுருதி என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. டிரம்பெட், கிளாரினெட், டெனர் சாக்ஸ் மூன்றும் பி-ஃபிளாட் வாத்தியங்கள். காகிதத்தில் சி என்று எழுதியதை அவை வாசித்தால் வெளியே கேட்பது பி-ஃபிளாட், நம் சுருதிக் கணக்கில் ஆறரைக் கட்டை. ஆல்டோ சாக்ஸ் ஈ-ஃபிளாட் வாத்தியம். அதே சி-யை அது வாசித்தால் இரண்டரைக் கட்டை கேட்கும். ஒரே நோட்டை ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுக்கும் பள்ளிகளில், டிரம்பெட் ஸட்ஜத்தில் நிற்கும்போது சாக்ஸ் மத்யமத்தில் நிற்பது இதனால்தான். பிள்ளைகள்மேல் குற்றமில்லை. பி-ஃபிளாட்டில் வாசிக்க டிரம்பெட்டுக்கு சி மேஜரிலும், ஆல்டோ சாக்ஸுக்கு ஜி மேஜரிலும், யூபோனியத்துக்கும் டிராம்போனுக்கும் பாஸ் கிளெஃப் என்னும் கீழ்ச்சுரக் குறியீட்டில் பி-ஃபிளாட்டிலும் தனித்தனியாக எழுத வேண்டும். முப்பத்திரண்டு பார் (தாளக் கட்டம்) கொண்ட ஒரு மெட்டை ஆறு வாத்தியத்துக்குப் பிரித்து எழுத ஒரு முழு மாலை போகும். அந்த மாலைக்கு யாரும் சம்பளம் கணக்கிடுவதில்லை.

கொடியேற்றத்தன்று நடக்கும் வழக்கமான விபத்தும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. பாடும் குழு ஒரு மாதமாகக் கீபோர்டோடு ஒரு கட்டையில் (சி சுருதியில்) தேசிய கீதம் பயின்றிருக்கும். பேண்ட் ஆறரைக் கட்டையில் பயின்றிருக்கும். இரண்டும் முதன்முதலில் சந்திப்பது கொடிமரத்தடியில். பேண்டை ஒரு கட்டைக்கு ஏற்றினால் டிரம்பெட் பிள்ளைகள் இரண்டு ஷார்ப் உள்ள டி மேஜரில் வாசிக்க வேண்டி வரும், விரல் எல்லாம் மாறும். அதைவிடப் பாடும் குழு இறங்கி வருவது எளிது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை மைனஸ் 2-இல் வைத்தால், வாசிப்பவர் பழகிய விசைகளையே அழுத்தலாம், கேட்பது பி-ஃபிளாட் ஆகிவிடும். ஜூன் மாதமே இதைச் செய்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

வெயிலுக்கும் சுருதிக்கும் உள்ள உறவு இன்னொன்று. காற்று ஒரு டிகிரி சூடானால் ஊதுவாத்தியத்தின் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். அரைச்சுரம் ஒன்றுக்கு 100 சென்ட். மின்விசிறிக்கடியில் 26 டிகிரியில் சுருதி சேர்த்துவிட்டு 34 டிகிரி மைதானத்துக்குப் போனால் கிட்டத்தட்ட கால் அரைச்சுரம் ஏறிவிடும். கீபோர்டு நகராது, பித்தளை நகர்ந்துவிடும். சுருதியை இறக்க, வாத்தியத்தில் ஸ்லைடு என்னும் வளைந்த குழாயை வெளியே இழுப்பார்கள். அப்போது அவசரத்தில் "எல்லாரும் ஸ்லைடை ஒரு விரல் இழுங்க" என்பது பல இடங்களில் கேட்கும் உத்தரவு. அது தவறு. பி-ஃபிளாட் டிரம்பெட்டின் மொத்தக் குழாய் நீளம் ஏறக்குறைய 148 செ.மீ. கால் அரைச்சுரம் இறக்க அது 2 செ.மீ.க்குச் சற்று மேல் நீள வேண்டும். ஸ்லைடுக்கு இரண்டு கால் இருப்பதால் வெளியே இழுப்பது 1 செ.மீ. போதும். யூபோனியத்தின் குழாய் இரண்டு மடங்கு நீளம், அதற்கு 2 செ.மீ. இழுக்க வேண்டும். கிளாரினெட்டில் மவுத்பீஸுக்குக் கீழுள்ள பேரலை ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இழுத்தால், மேல் துளைச் சுரங்கள் மட்டும் அதிகமாக இறங்கி மற்றவை பின்தங்கும். வாத்தியங்களை நிழலில் வைத்து, கால் மணி நேரம் மைதானத்துச் சூட்டுக்குப் பழக்கி, ஐந்து நிமிடம் ஊதிய பிறகே சுருதி சேர்க்க வேண்டும். போனில் இலவச டியூனர் செயலி போதும்.

தொடக்கப் பிள்ளைக்கு எந்த மெட்டு என்று கேட்பவர்களுக்கு எங்கள் விடை மோகன ராகம். டிரம்பெட்டில் சி, டி, ஈ, ஜி, ஏ. விரலால் அழுத்தும் வால்வு மூன்று. சி-க்கும் ஜி-க்கும் எந்த வால்வும் அழுத்த வேண்டாம், டி-க்கு ஒன்றும் மூன்றும் சேர்த்து 1-3, ஈ-க்கும் ஏ-க்கும் 1-2. ஐந்து சுரத்துக்கு மூன்றே விரலமைப்பு. தமிழ்த்தாய் வாழ்த்து மோகனத்தில் இருப்பதால் மெட்டு எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம். தப்பு வந்தால் மாஸ்டர் சொல்லும் முன் அவர்களுக்கே தெரிந்துவிடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1-3 சேர்த்து அழுத்தும் ரிஷபம் (டி) எந்த டிரம்பெட்டிலும் இயல்பாகவே சற்று ஏறி நிற்கும். மூன்றாம் வால்வின் ஸ்லைடை இடக்கை விரலால் ஒரு செ.மீ. அளவுக்குத் தள்ளினால் சரியாகும். விலை குறைந்த வாத்தியங்களில், அதுவும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தவற்றில், அந்த ஸ்லைடு இறுகிப்போய் அசையாது. பிள்ளையின் காது மந்தம் என்று நினைத்துத் திட்டுவதற்கு முன் ஸ்லைடு ஓடுகிறதா என்று பாருங்கள்.

அடுத்த படி ஏழு சுரமும் உள்ள சங்கராபரணம். இதற்கு வெளியூர்ப் புத்தகம் தேடிப் போக வேண்டியதில்லை. கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) பேண்டுகள் வாசித்த மேற்கத்திய மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சாகித்யம் எழுதிய நொட்டுஸ்வரங்கள் நம்மிடம் ஏறத்தாழ நாற்பது இருக்கின்றன. கமகம் (சுர அசைவு) இல்லாத நேர்ச் சுரங்கள், சிறிய அடிகள். பேண்டிலிருந்து பிறந்தவை பேண்டுக்குப் பொருந்தாமல் போகுமா? இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்துத் தஞ்சை அரண்மனையிலேயே மேற்கத்திய வாத்தியங்கள் கொண்ட பேண்ட் இருந்தது. கிளாரினெட்டும் அந்தக் காலத்தில் தஞ்சைக்கு வந்து, சதிர் (பழைய பரதநாட்டியம்) மேளத்தில் சேர்ந்து, கச்சேரி மேடை வரை போயிருக்கிறது. பள்ளி பேண்டை அந்நியச் சரக்கு என்று ஒதுக்குபவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறோம்.

விழா நாளின் இரண்டு பாடல்களுக்கும் விதிமுறை உண்டு. தேசிய கீதத்தின் முழு வடிவம் 52 விநாடி. பேண்ட் வாசிக்கும்போது அதற்குமுன் டிரம் உருட்ட வேண்டும், அதுவும் மெது நடையில் ஏழு அடி நேரத்துக்கு. மெல்லத் தொடங்கி, இயன்ற உச்சத்துக்கு ஏறி, பிறகு இறங்கி, ஏழாம் அடி வரை காதில் விழுந்துகொண்டிருக்க வேண்டும். ஓர் அடி மௌனம், அதன்பின் கீதம். மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஆணையில் இது தெளிவாக இருக்கிறது. ஆனாலும் பல பள்ளிகளில் நான்கு அடி உருட்டிவிட்டுப் பாய்ந்துவிடுகிறார்கள், கூட்டம் பாதி எழுந்தும் எழாமலும் கீதம் தொடங்கிவிடுகிறது. டிரம் பிள்ளைகள் எண்ணிக்கையை வாய்க்குள் சொல்லிப் பழக வேண்டும். நேரத்தைப் போனில் அளந்துகொள்ளுங்கள். பயத்தில் வேகம் கூடி 47-இல் முடிவதும், டிரம் இழுத்து ஒரு நிமிடம் ஆவதும் சகஜம். கடைசி "ஜய ஹே"க்கள் மேல் ஸட்ஜத்தைத் தொடும் இடம் 40 விநாடிக்குப் பிறகு, உதடு களைத்த நேரத்தில் வருகிறது. டிரம்பெட்டில் பாதிப் பேரை நடுவில் நான்கு பார் சும்மா இருக்க வைத்து, முடிவுக்குச் சேர்த்துக்கொண்டால் அந்த இடம் உடையாது.

தமிழ்த்தாய் வாழ்த்தை 55 விநாடியில், மூன்றன் நடையில் (மூன்று மூன்றாக எண்ணும் தாளத்தில்) பாட வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆணையிட்டு, அதை மாநிலப் பாடலாகவும் அறிவித்தது. இசைத்தட்டு போடாமல் வாய்ப்பாட்டாகப் பாடுவதையே அந்த ஆணை விரும்புகிறது. ஆகவே இங்கே பேண்டின் வேலை சுருதி கொடுத்துவிட்டு ஒதுங்குவது, மிஞ்சினால் கிளாரினெட் மட்டும் மெல்லப் பின்தொடர்வது. நேர் நான்கில் மார்ச் அடித்துப் பழகிய சைடு டிரம் கை, மூன்றன் நடையில் தானாகத் தப்பு அடிக்கும். அந்த 55 விநாடியும் குச்சிகள் கக்கத்தில் இருக்கட்டும்.

இனி பழுது. பேண்ட் மாஸ்டரின் பைக்குள் நோட்டைவிட ஸ்க்ரூ டிரைவர்தான் அதிக வேலை செய்கிறது.

மிகச் சாதாரணமான புகார்: "சார், ஊதினா காத்தே போகல." பிள்ளை எண்ணெய் போட வால்வைக் கழற்றி, இடம் மாற்றிப் போட்டிருக்கும். ஒவ்வொரு வால்விலும் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும், மவுத்பீஸுக்கு அருகில் இருப்பது ஒன்று. சரியான எண்ணாக இருந்தும் காற்று போகாவிட்டால் வால்வு திரும்பியிருக்கிறது. மூடியைத் தளர்த்தி, மெல்லத் திருகினால் "டிக்" என்று பள்ளத்தில் உட்காரும். எண்ணெய் வால்வுக்கென்று விற்பதாக இருக்க வேண்டும். தையல் மெஷின் எண்ணெய் கெட்டி, வால்வு மந்தமாகும். தேங்காய் எண்ணெய் போட்டால் மார்கழிக் காலையில் வால்வு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ஸ்லைடுக்கு வாசலின் சமாளிக்கும். கிளாரினெட்டின் கார்க்குக்கு அதைப் போடக் கூடாது, ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும்.

மவுத்பீஸ் சிக்கிக்கொள்வது அடுத்தது. "டப்" என்ற சத்தத்துக்காகப் பிள்ளைகள் அதை உள்ளங்கையால் தட்டுவார்கள். கூம்பு இறுகிவிடும். உடற்கல்வி அறையிலிருந்து கட்டிங் பிளேயர் வரும். முறுக்கினால் மவுத்பீஸ் வராது, அதைத் தாங்கும் குழாயின் பற்றுதான் பெயர்ந்து வரும். மவுத்பீஸ் இழுப்பான் என்று ஒரு சிறிய கருவி இருக்கிறது, பள்ளிக்கு ஒன்று போதும், ஒரு நிமிடத்தில் எடுத்துவிடும்.

விழாவுக்கு முதல் நாள் நடக்கும் மினுக்கல்தான் எல்லாவற்றிலும் மோசம். பிராசோ பாலிஷோ புளியோ போட்டுப் பூஜைச் சாமான் போலத் தேய்க்கிறார்கள். பெரும்பாலான வாத்தியங்களுக்கு மேலே லாக்கர் என்னும் மெல்லிய வார்னிஷ் பூச்சு இருக்கிறது. தேய்த்தால் பூச்சு திட்டுத் திட்டாகப் போகும், அந்த இடம் அடுத்த வாரமே கறுக்கும். மினுக்கும் பொடி வால்வுக்குள் புகுந்தால் அரம் போலத் தேய்க்கும். மறுநாள் கீதத்தின் நடுவில் இரண்டாம் வால்வு கீழேயே நின்றுவிட்டால் காரணம் இதுதான். மாதம் ஒரு முறை, வால்வுகளைக் கழற்றி வைத்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் பாத்திரச் சோப்பு கலந்து, வளையும் பிரஷ் விட்டுக் கழுவுங்கள். வெந்நீர் கூடாது. வால்வைத் துணியால் துடைத்தால் போதும், மேலுள்ள ஃபெல்ட்டும் கார்க்கும் நனையக் கூடாது. வெளியே மெல்லிய பருத்தித் துணி, அவ்வளவே.

தண்ணீர் வெளியேற்றும் சாவியின் கார்க் விழுந்துவிட்டால் எந்தச் சுரமும் ஒழுங்காக வராது, களகளவென்று சத்தம் வரும். அவசரத்துக்கு அழிரப்பர் துண்டை அளவாக வெட்டி ஒட்டலாம். கிளாரினெட்டின் சீவாளியை, அதாவது ரீடை, ஒரே ஒன்றாகத் தேய்க்காமல் மூன்று நான்கை எண் போட்டு மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். தொடக்கப் பிள்ளைக்கு 2 அல்லது 2½ அளவு. பள்ளிக்கு மரக் கிளாரினெட் வாங்காதீர்கள். பராமரிப்பு இல்லாத இடத்தில் அது பிளக்கும், பிளாஸ்டிக் உடல் போதும். மவுத்பீஸ் ஆளுக்கு ஒன்று. வாத்தியத்தைப் பகிரலாம், மவுத்பீஸைப் பகிரக் கூடாது. கைக்குட்டையால் துடைத்து அடுத்த பிள்ளையிடம் கொடுப்பதை எந்தப் பெற்றோரும் ஏற்கக் கூடாது.

வாங்கும்போது ஒரு சோதனை. வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை உருவினால் "பொப்" என்று காற்று வெடிக்க வேண்டும். வெடிக்கவில்லை என்றால் வால்வு ஒழுகுகிறது, புதிய வாத்தியமானாலும் திருப்பிக் கொடுங்கள். பேண்ட் வாத்தியங்களுக்குப் பேர்போன மீரட்டிலிருந்து வந்தாலும் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் சோதனை ஒன்றே.

டிரம்முக்கு வருவோம். தோல் போர்த்திய டிரம் வடகிழக்குப் பருவமழையில் தொய்ந்து "தொப் தொப்" என்கும். பிளாஸ்டிக் முகப்பு தொய்யாது. எதுவானாலும் முறுக்கும்போது வட்டமாகச் சுற்றி வரக் கூடாது. எதிரெதிர்த் திருகாணிகளைக் கால் திருப்பு, கால் திருப்பாக, சைக்கிள் சக்கரத்துக்குக் கம்பி இறுக்குவது போல இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் வளையம் கோணும். பேஸ் டிரம்மை ஆறாம் வகுப்புப் பிள்ளை தோளில் மாட்டாதீர்கள். அதன் அடி எப்போதும் இடது காலுக்கு.

அணிவகுப்பின் வால் பகுதி கால் மாற்றி நடப்பதைப் பார்த்து உடற்கல்வி ஆசிரியர் பேண்டைத் திட்டுவது வழக்கம். திட்ட வேண்டியது ஒலியின் வேகத்தை. 30 டிகிரிக் காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. நிமிடத்துக்கு 120 அடி நடை என்றால் ஓர் அடிக்கு அரை நொடி. பேண்டுக்கு 35 மீட்டர் பின்னால் இருப்பவருக்கு அடி பத்தில் ஒரு நொடி பிந்திக் கேட்கும். 175 மீட்டர் பின்னால் இருந்தால் முழுதாக ஓர் அடி பிசகி, பேண்டின் இடது அவருக்கு வலதாகிவிடும். நீண்ட அணிவகுப்பில் பேண்டை முன்னால் வைக்காமல் நடுவில் வையுங்கள். கடைசியில் இன்னொரு பேஸ் டிரம் வைத்தால் நிலைமை மோசமாகும். சின்னப் பிள்ளைகளுக்கு 30 அங்குல அடி எட்டாது. 24 அங்குலமாகக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள்.

ஒத்திகையை வகுப்பறைக்குள் வைப்பது காதுக்கு ஆபத்து. 85 டெசிபெல் ஒலியில் எட்டு மணி நேரம், 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதி என்பது உலகில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். அந்தக் கணக்கில் 100 டெசிபெலுக்குப் பதினைந்தே நிமிடம். மூடிய அறையில் எட்டு சைடு டிரம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். மரத்தடியில் வையுங்கள். அறைதான் என்றால் டிரம் முகப்பில் துணி போடுங்கள். மாஸ்டர் காதடைப்பான் போட்டால் அவமரியாதை என்று எண்ணாதீர்கள்.

விழா நாள் காலையில் மயங்கி விழும் பிள்ளைகளில் பலர் ஒன்றும் சாப்பிடாமல் ஆறு மணிக்கு வந்தவர்கள். இட்லியாவது கொடுத்து, தண்ணீர் குடிக்க வைத்து, அட்டென்ஷனில் முழங்காலை இறுக்கிப் பூட்டாமல் லேசாகத் தளர்த்தி நிற்கச் சொல்லிக்கொடுத்தால் பாதி மயக்கம் குறையும். கிளாரினெட் பிள்ளைக்கு வெள்ளைக் கையுறை மாட்டுவதானால் விரல் நுனியை வெட்டிவிடுங்கள், துணிக்கு மேல் துளை மூடாது.

இவ்வளவையும் செய்யும் மனிதரின் நாள்காட்டியைப் பள்ளிகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகஸ்ட் 15 ஆடிக் கடைசியில் வருகிறது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, கல்யாண பேண்டுக்காரர் சும்மா இருப்பார், அதனால்தான் அந்த ஆறு வாரம் உங்களுக்கு மலிவாகக் கிடைக்கிறது. ஆவணி பிறந்ததும் அவர் இரவு ஊர்வலங்களுக்குப் போய்விடுவார். மார்கழியில் மறுபடி கை ஓயும், தேவாலய பேண்டில் இருப்பவருக்கு மட்டும் கிறிஸ்துமஸ் வேலை. தை பிறந்தால் முகூர்த்தமும் குடியரசு தினமும் பள்ளி விளையாட்டு விழாவும் ஒரே வாரத்தில் மோதும். பள்ளி ஆண்டு முழுக்க மாதச் சம்பளம் கொடுத்தால் அவர் தையில் உங்களுக்கு வருவார். விழாவுக்கு ஒரு தொகை என்று கொடுத்தால் கல்யாண வீட்டுக்குத்தான் போவார், அங்கே கடைசிப் பந்தியில்தான் இலை போடுவார்கள் என்றாலும்.

ஒன்பதாம் வகுப்போடு நின்ற பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? வாசிக்க வாத்தியம் இல்லாமல் மறந்துவிடுகிறார்கள். பள்ளியின் வாத்தியங்களோ ஸ்டோர் ரூமில் இறுகிக் கிடக்கின்றன. ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் பள்ளி வளாகத்தில் ஊர் பேண்ட் ஒன்று கூடினால் இரண்டுக்கும் விடை கிடைக்கும். வாத்தியம் வாரா வாரம் ஊதப்படுவதே பெரிய பராமரிப்பு. பதினாறு வயதும் அறுபது வயதும் சேர்ந்து உட்காரும் அந்தக் குழுவுக்கு எழுதும் முறை வேறு. யார் எந்த வாரம் வருவார் என்று சொல்ல முடியாது. ஆகவே மெட்டின் ஒவ்வொரு வரியையும் இரண்டு வாத்தியத்துக்குக் கொடுத்து வைக்க வேண்டும், டிரம்பெட் வராவிட்டால் கிளாரினெட் தூக்கிக்கொள்ளும். ஒரே பகுதியை எளிது, நடுத்தரம், முழுமை என்று மூன்றாக எழுதினால் யாரும் வெட்கப்பட்டு விலக மாட்டார்கள். வாத்திய எண், எடுத்தவர் பெயர், கொடுத்த நாள், திரும்பிய நாள், பழுது ஆகிய ஐந்து கட்டம் போட்ட பதிவேடு ஒன்று போதும். உடைந்தால் யார் செலவு என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது: வாரம் மூன்று பாடவேளை, மாஸ்டருக்கு மாதச் சம்பளம், வால்வு எண்ணெய், சீவாளி, டிரம் முகப்பு, பழுது ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் ஒரு தனித் தொகை. பேண்ட் இப்போது பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர் தலையில் இருக்கிறது. அவர் நடையைப் பார்த்துக்கொள்ளட்டும், ஊதுவதை மாஸ்டரிடம் விடட்டும். ஸ்டோர் ரூம் சாவியில் ஒன்றை மாஸ்டரிடம் கொடுங்கள். வாத்தியங்களைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கி எல்லாப் பெட்டியையும் திறந்து, எந்த வால்வு எழுகிறது, எது எழவில்லை என்று ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். பழுது பார்ப்பவரிடம் அப்போது கூட்டம் இருக்காது. ஜூலைக் கடைசியில் போனால் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளி, ஊர் பேண்ட் பயிற்றுநர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி